ரஷ்ய பிளினி வீட்டில் செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளினி என்பது பான்கேக்தானா?

வகைப்படுத்தினால் பான்கேக்தான். ஆனால் தடிமனாக உப்பி, மேலே சிரப் வழிய அடுக்கி வைக்கும் அமெரிக்கப் பான்கேக்கை நினைத்துக்கொண்டு மாவைக் கரைத்தால் பிளினி வராது. இது தட்டளவு அகலமானது, மெல்லியது, நான்காக மடித்தாலும் குழலாகச் சுருட்டினாலும் விரிசல் விடாதது. மாவில் சர்க்கரை பெயருக்குத்தான் இருக்கும். அதனால் தேனும் ஜாமும் எப்படிப் பொருந்துமோ, அப்படியே உப்பிட்ட மீனும் காளானும் கொத்துக்கறியும் பொருந்தும்.

நட்சத்திர ஹோட்டல் விருந்துகளில் ஒரே வாயில் போடும் அளவுக்குச் சின்னதாகச் சுட்டு, மேலே துளி கிரீமும் நாலு மீன்முட்டையும் வைத்து 'பிளினி' என்று நீட்டுவார்கள். அது மேற்கத்திய விருந்து மேசைக்காகச் சுருங்கிய வடிவம். ரஷ்ய வீட்டில் பிளினி என்றால் பெரிய தட்டில் கோபுரமாக அடுக்கியது, வெண்ணெய் வழிவது, கையால் பிய்த்தோ மடித்தோ சாப்பிடுவது. ஒன்றானால் பிளின், பலவானால் பிளினி.

பிளின்சிகி, ஒலாதி, சிர்னிகி என்றெல்லாம் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

இல்லை. பழைய வழக்கப்படி ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவில் சுடுவதுதான் பிளினி. ஈஸ்ட் இல்லாமல் பால், முட்டை, மாவு கரைத்து அன்றைக்கே சுடும் மெல்லியது பிளின்சிகி. உள்ளே பூரணம் வைத்து மடித்தால் அந்தப் பெயர் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். இப்போது பேச்சில் இரண்டையுமே பிளினி என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

ஒலாதி வேறு. கெஃபீர் என்ற புளித்த பாலில் சோடா சேர்த்த கெட்டி மாவைக் கரண்டி கரண்டியாக எண்ணெயில் விட்டுச் சுடும், உள்ளங்கை அளவுத் தடிப்பான பண்டம் அது. சிர்னிகி துவோரோக் என்ற பாலாடைக்கட்டியைப் பிசைந்து தட்டிப் பொரிப்பது. உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் திரானிகி பெலாரூஸ்காரர்களின் பெருமை, அதை ரஷ்யக் கணக்கில் எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது.

முதல்முறை செய்கிறேன். எதில் தொடங்கலாம்?

ஈஸ்ட் இல்லாத பால் பிளினியில். தோற்றாலும் போவது அரை லிட்டர் பால்தான், அதுவும் பெரும்பாலும் போகாது.

பால் 500 மி.லி., மைதா 200 கிராம், முட்டை 3, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, வாசனை இல்லாத எண்ணெய் 3 மேசைக்கரண்டி. சுட்டெடுத்த பிறகு தடவ வெண்ணெய். 22 முதல் 24 செ.மீ. அகலச் சட்டியில் 12 முதல் 15 பிளினி வரும்.

ரஷ்யக் குறிப்புகளில் பெரும்பாலும் 2 முட்டை என்று இருக்கும். அங்கே கடையில் முட்டை எடை வகை பிரித்து விற்கப்படுகிறது. முதல் தர வகை என்றால் ஒன்று 55 கிராமுக்குக் குறையாது, அதற்கு மேல்வகை 65 கிராமைத் தாண்டும். நம் கடை முட்டை சில சமயம் 45 கிராம்கூட இருக்காது. அதனால்தான் 3 என்று எழுதியிருக்கிறேன். பெரிய முட்டையாகக் கிடைத்தால் இரண்டே போதும்.

கரைக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முட்டை, உப்பு, சர்க்கரையை அடித்து, பாலில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றுங்கள். மாவு முழுவதையும் அதில் கொட்டி, கெட்டியான கூழாகும்வரை அடியுங்கள். கட்டிகள் கெட்டிக் கூழில்தான் உடையும். தண்ணியான கலவையில் மாவைக் கொட்டினால் கட்டிகள் மிதந்து ஓடும், விஸ்க்கில் அகப்படாது. கூழ் வழவழப்பானதும் மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இளக்குங்கள். எண்ணெய் கடைசியில். பால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கக்கூடாது, அறையின் வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும்.

மாவு எவ்வளவு தண்ணியாக இருக்க வேண்டும்? என் மாவு ரொம்ப நீர்த்துப்போன மாதிரி தெரிகிறது.

அப்படித் தெரிந்தால் சரியாகத்தான் இருக்கிறது. பிளினி மாவைப் பார்க்கும் யாருக்கும் 'இது எப்படிப் பிடிக்கும்' என்ற சந்தேகம் வரும். கரண்டியால் அள்ளி ஊற்றினால் தடையில்லாமல் ஒழுக வேண்டும், ஒழுகிய பின் கரண்டியின் முதுகில் மெல்லிய படலம் மட்டும் நிற்க வேண்டும். அதைவிடக் கெட்டியானால் சட்டியில் பரவுவதற்குள் இறுகிவிடும், தடித்த ரொட்டிதான் கிடைக்கும்.

கிராம் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மைதாவுக்கு மைதா உறிஞ்சும் நீரின் அளவு மாறும், மழைக்கால மாவும் கோடைக்கால மாவும் ஒன்றல்ல. முதல் பிளினைச் சுட்டுப் பாருங்கள். தடிப்பாக வந்தால் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விடுங்கள். திருப்பும்போது கிழிந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவைத் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் கலவையோடு குழைத்துச் சேருங்கள். உலர்ந்த மாவை நேராகத் தூவினால் மறுபடி கட்டிதான்.

கரைத்தவுடன் சுடலாமா?

20 முதல் 30 நிமிடம் விடுங்கள். மாவுத்துகள் நீரை முழுக்கக் குடித்துக்கொள்ளும். அடித்ததில் முறுக்கேறிய குளூட்டன் (மாவைப் பிடித்து வைக்கும் புரதம்) இழைகள் தளரும். அடிக்கும்போது ஏறிய காற்றுக்குமிழிகளும் அடங்கும். விடாமல் சுட்டால் பிளின் ரப்பர்போல இழுபடும். அரை மணி கழித்து மாவு கொஞ்சம் கெட்டியானதுபோல் இருந்தால் ஒரு சுற்றுப் பால் விட்டுக்கொள்ளுங்கள்.

தோசைக்கல்லில் செய்யலாமா?

தட்டையான தோசைக்கல்லில் சிரமம். தோசை மாவைக் கரண்டியால் தேய்த்துப் பரப்புகிறோம். பிளினி மாவைத் தேய்ப்பதே இல்லை. சட்டியை ஒரு கையால் தூக்கிச் சாய்த்துப் பிடித்து, மறு கையால் மாவை ஊற்றிக்கொண்டே மணிக்கட்டைச் சுழற்றினால் மாவு தானாக ஓடிப் பரவும். அதற்கு ஓரம் சற்று உயர்ந்த, கைப்பிடி உள்ள, ஒரு கையால் தூக்கக்கூடிய சட்டி வேண்டும். ஓரமில்லாத கல்லில் சாய்த்தால் மாவு அடுப்பில் வழியும்.

ரஷ்யாவில் இதற்கென்றே ஓரம் தாழ்ந்த வார்ப்பிரும்புச் சட்டி உண்டு. பல வீடுகளில் அதில் வேறெதையும் சமைக்கவோ சோப்புப் போட்டுத் தேய்க்கவோ விடமாட்டார்கள். முன்பெல்லாம் சுவரோடு கட்டிய பெரிய ரஷ்ய அடுப்புக்குள், தணலுக்கு அருகில் சின்னச் சின்ன இரும்புச் சட்டிகளைத் தள்ளிச் சுட்டார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் வெப்பம் பட்டதால் திருப்ப வேண்டிய அவசியமே பெரிதாக இருக்கவில்லை. நம் வீட்டு எரிவாயு அடுப்பில் அந்த வசதி இல்லை.

பழகிய வார்ப்பிரும்புச் சட்டி இருந்தால் அதுதான் முதல் தேர்வு, வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் நான்ஸ்டிக் சட்டியே போதும். 'பிளினி மேக்கர்' என்று மின்சாரத்தில் கவிழ்த்துச் சுடும் கருவிகள் விற்கிறார்கள். அலமாரியில் இடம் மிச்சமிருந்தால் வாங்கலாம், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சுடும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

சட்டியை மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து நன்றாகக் காயவிடுங்கள், வார்ப்பிரும்பானால் ஐந்து நிமிடமாவது. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் குமிழிட்டு நிற்காமல் துள்ளி ஓட வேண்டும். பிறகு எண்ணெய். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். உருளைக்கிழங்கையோ வெங்காயத்தையோ பாதியாக வெட்டி முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுச் சட்டியில் ஒரு தேய். ரஷ்யாவில் இதற்குப் பன்றிக்கொழுப்புத் துண்டைக் குத்தித் தேய்ப்பதும் பழைய வழக்கம். மாவிலேயே எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று பிளினிக்கு ஒரு தடவை தேய்த்தால் போதும்.

24 செ.மீ. சட்டிக்கு 60 முதல் 70 மி.லி. மாவு, அதாவது சின்னக் குழம்புக் கரண்டியில் ஒன்று. எப்போதும் ஒரே கரண்டி, ஒரே அளவு. ஊற்றத் தொடங்கும் கணமே சட்டி சுழல வேண்டும். ஊற்றி முடித்துவிட்டுச் சுழற்றினால் நடுவில் திட்டு விழும். மேற்பரப்பின் ஈரப்பளபளப்பு மங்கி, ஓரம் பழுப்பாகிச் சட்டியை விட்டு எழும்பியதும் மெல்லிய திருப்பியை ஓரத்தின் அடியில் ஒரு சுற்று ஓட்டிக் கவிழ்த்துப் போடுங்கள். முதல் பக்கம் ஒரு நிமிடம் பிடிக்கும், இரண்டாம் பக்கத்துக்கு அதில் பாதி போதும். ஆகாயத்தில் எறிந்து திருப்புவது பார்வையாளர்களுக்காக.

எடுத்ததும் தட்டில் போட்டு, சூடாக இருக்கும்போதே வெண்ணெய்த் துண்டால் மேலே ஒரு வட்டம். அடுத்தது அதன்மேல். அடுக்கின்மேல் ஒரு மூடி அல்லது துணி. மொறுமொறுவென்று இருக்கும் ஓரங்கள் அந்த ஆவியில் பத்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். சிலருக்கு அந்த மொறுமொறுப்புதான் பிடிக்கும். அவர்கள் அடுப்பருகே நின்று ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள், தட்டு நிறையாது.

முதல் பிளின் மட்டும் ஏன் எப்போதும் பிய்ந்துபோகிறது?

உங்களுக்கு மட்டுமல்ல. 'முதல் பிளின் உருண்டைதான்' என்பது ரஷ்யாவில் எந்தக் காரியத்தின் முதல் முயற்சிக்கும் சொல்லும் பழமொழி. காரணம் எளிது. சட்டி முழுக்க ஒரே சீராகச் சூடேறியிருக்காது, எண்ணெய் இரும்போடு இன்னும் சேர்ந்திருக்காது. சட்டியைக் கூடுதலாக இரண்டு நிமிடம் காயவிட்டால் முதல் பிளினும் பிழைக்கும். பிழைக்காவிட்டால் சமைப்பவரே தின்றுவிடலாம், யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கடைகளில் பார்ப்பதுபோல் ஓட்டை ஓட்டையாக, வலைபோல் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வழி உண்டு. ஒன்று ஈஸ்ட், அதைப் பிறகு சொல்கிறேன். மற்றது வெந்நீர்.

கெஃபீர் 500 மி.லி., முட்டை 2, மைதா 240 கிராம், சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கொதிநீர் 200 முதல் 250 மி.லி., சமையல் சோடா அரை தேக்கரண்டி. கெஃபீர் இல்லாவிட்டால் கொஞ்சம் புளித்த தயிரை மூன்று பங்கும் தண்ணீர் ஒரு பங்குமாகக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது தாராளமாகப் போதும். எண்ணெயும் கொதிநீரும் சோடாவும் நீங்கலாக எல்லாவற்றையும் முன்சொன்ன வரிசையில் கரையுங்கள். கொதித்து இறக்கிய நீரில் சோடாவைப் போட்டால் நுரைத்து எழும். அதை மெல்லிய தாரையாக மாவில் விட்டுக்கொண்டே நிறுத்தாமல் அடியுங்கள். பிறகு எண்ணெய். 15 நிமிடம் விட்டுச் சுடலாம்.

கொதிநீர் மாவிலுள்ள ஸ்டார்ச்சின் ஒரு பகுதியை அப்போதே வேகவைத்துவிடுகிறது. அதனால் பிளின் வளைந்து கொடுக்கும், மறுநாளும் காய்ந்து உடையாது. சோடா புளிப்போடு சேர்ந்து வாயுவை உண்டாக்க, காய்ந்த சட்டியில் அது வெடித்து வெளியேறும் இடமெல்லாம் ஓட்டை. சட்டி சூடில்லையென்றால் எத்தனை சோடா போட்டாலும் ஓட்டை விழாது. சோடாவைக் கூட்டினால் வருவது சவுக்கார வாடைதான்.

முட்டை திரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். குளிர்ந்த கெஃபீரும் மாவும் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரே மூச்சில் கொட்டினால் திரியத்தான் செய்யும்.

உண்மையான, பழைய பிளினி எது?

ஒபாரா வைத்துச் செய்வது. ஒபாரா என்பது ஈஸ்ட்டுக்கு முதலில் கொடுக்கும் தளர்ந்த முன்மாவு. நேரம் எடுக்கும் என்பதைத் தவிர இதில் கடினம் ஒன்றுமில்லை. சுவையில் மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி.

வெதுவெதுப்பான பால் 300 மி.லி., உலர் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை ஒரு தேக்கரண்டி, மைதா 150 கிராம். கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் காலியிடம் இருக்கும்படி மூடி வையுங்கள். பால் விரல் பொறுக்கும் சூட்டைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். மாஸ்கோ குளிர்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவது சென்னை மே மாதத்தில் அரை மணியில் பொங்கிவிடும். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். இருமடங்காகி, நடுவில் குழிவிழத் தொடங்கும் தருணம்தான் சரியான பருவம்.

இப்போது 2 முட்டையின் மஞ்சள் கருவும், உருக்கி ஆறிய வெண்ணெய் 50 கிராமும், முக்கால் தேக்கரண்டி உப்பும், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும், இன்னொரு 150 கிராம் மாவும் சேர்த்து அடியுங்கள். மேலும் 300 மி.லி. வெதுவெதுப்பான பால் விட்டு இளக்குங்கள். மூடி வையுங்கள். பொங்கியதும் ஒருமுறை கிளறி அமர்த்தி, மறுபடி பொங்கவிடுங்கள். கடைசியில் வெள்ளைக்கருவை நுரையாக அடித்து, மேலிருந்து கீழாக மெதுவாகக் கலந்து 15 நிமிடம் விடுங்கள்.

இதற்குப் பிறகு பாத்திரத்தில் கரண்டியை விட்டுக் கலக்கவே கூடாது. ஓரத்திலிருந்து அள்ளி அப்படியே சட்டியில் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் கிளறினால் உள்ளே சேர்த்து வைத்த வாயு எல்லாம் போய்விடும், அவ்வளவு நேரம் காத்திருந்ததே வீண். இந்த மாவு பால் பிளினி மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, பிளினும் சற்றுத் தடிப்பு. பஞ்சுபோல் இருக்கும், லேசான புளிப்பு வாசம் வீசும், வெண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

பக்வீட் மாவில் செய்வதுண்டாமே? அது இங்கே கிடைக்குமா?

ரஷ்யாவில் கிரேச்கா என்ற பக்வீட் தானியம் அன்றாடச் சாப்பாடு, அதன் மாவில் சுடும் பிளினிக்குத் தனி மதிப்பு. நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, லேசான கசப்பு, கொட்டை வறுத்த மணம். இனிப்பைவிட உப்பு மீனும் ஸ்மெத்தானா என்ற புளித்த பாலேடும்தான் இதற்கு ஜோடி. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு வாங்கும் 'குட்டு' மாவு இந்தத் தானியத்தின் மாவுதான். பெரிய கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. சீக்கிரம் கெட்டுப்போகும் மாவு என்பதால் அரைத்த தேதியைப் பார்த்து, சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

இதில் குளூட்டன் இல்லை. முழுக்க இதிலேயே செய்தால் திருப்பும்போது பொடிந்து விழும். ஒபாராவுக்கு மைதா, இரண்டாம் முறை சேர்ப்பதற்குக் குட்டு மாவு என்று பாதிக்குப் பாதி வையுங்கள்.

ரஷ்யக் குறிப்பில் 'ஒரு கிளாஸ் மாவு' என்று இருந்தால் எவ்வளவு?

அது சோவியத் காலத்துப் பட்டை வெட்டிய கண்ணாடிக் கிளாஸ். 1943-இல் கூஸ் ஹ்ருஸ்தால்னி என்ற ஊரின் கண்ணாடி ஆலையில் உற்பத்தி தொடங்கியது. விளிம்புவரை நிரப்பினால் 250 மி.லி., மேலே உள்ள மழமழப்பான வளையத்தின் கீழ்க்கோடுவரை 200 மி.லி. மாவானால் முதலாவது சுமார் 160 கிராம், இரண்டாவது சுமார் 130 கிராம். குறிப்பில் எது என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பால் அளவையும் கிளாஸில் கொடுத்திருந்தால் கவலையில்லை, விகிதம்தானே முக்கியம்.

முட்டை, பால் சேர்க்காதவர்கள் என்ன செய்வது?

ரஷ்யத் திருச்சபையின் விரத நாட்களில் பால், முட்டை, இறைச்சி எதுவும் கூடாது என்பதால் இதற்கும் பழைய வழி இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர், மாவு, ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய். முட்டை பிடித்து வைக்கும் வேலையைப் புளித்த மாவே செய்துகொள்ளும். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரில் கரைத்தால் இன்னும் மெத்தென்று வரும். ஈஸ்ட் வேண்டாமென்றால் சோடா வாட்டரில் கரைத்து உடனே சுடுகிறார்கள். சாப்பிடலாம், ஆனால் ஆறினால் தோல்போல் ஆகிவிடும்.

ஸ்மெத்தானா என்றால் என்ன, அதற்கு மாற்று உண்டா?

பாலேட்டில் உறை ஊற்றிப் புளிக்கவைத்தது. அங்கே கடையில் 15, 20, 25 சதவீதக் கொழுப்பு என்று எண் போட்டு விற்கும். பிளினிக்கு 20-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. வீட்டில் செய்வது எளிது. ஒரு சிறிய பெட்டி ஃப்ரெஷ் கிரீமை வெதுவெதுப்பாக்கி, ஒரு மேசைக்கரண்டி புளிக்காத தயிரைக் கலந்து, 8 முதல் 10 மணி நேரம் மூடி வைத்து, பிறகு குளிரவைத்தால் கெட்டியாகிவிடும். அவசரத்துக்கு, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் கிரீம் கலந்துகொள்ளுங்கள். மயோனைஸ் மட்டும் வேண்டாம்.

எதோடு சாப்பிடுவது?

பட்டியல் போட்டால் முடியாது. வெண்ணெய், ஸ்மெத்தானா, தேன், பழம் முழுதாகத் தெரியும் வரேன்யே என்ற ஜாம், இவை எல்லா வீட்டிலும் உண்டு. ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த நம் பிள்ளைகளைக் கேட்டால் நீல வெள்ளைத் தகர டப்பாவில் வரும் கண்டென்ஸ்டு மில்க்கைத்தான் முதலில் சொல்வார்கள். அங்கே குழந்தைகளின் கட்சியும் அதுவே.

உப்புப் பக்கத்தில், சால்மன் வகை மீன்களின் சிவப்பு முட்டை விசேஷ நாளுக்கு. ஸ்டர்ஜன் மீனின் கறுப்பு முட்டை விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதற்கு. இவை இல்லாமலே உப்பிட்ட சால்மன், உப்பிட்ட ஹெர்ரிங், பொடியாக நறுக்கிய அவித்த முட்டையும் வெங்காயத்தாளும், வெங்காயத்தோடு வதக்கிய காளான் எல்லாம் அருமையாகப் பொருந்தும். குடிக்கத் தேநீர். பால் சேர்க்காதது, சூடானது, நிறைய.

உள்ளே பூரணம் வைப்பது எப்படி?

இதற்கு மெல்லிய பால் பிளினியே ஏற்றது. ஒரு பக்கம் மட்டும் சுட்டு எடுங்கள், சுட்ட பக்கத்தில் பூரணத்தை வைத்து உறைபோல மடியுங்கள். சுடாத பக்கம் இப்போது வெளியே இருக்கும். பரிமாறும் முன் வெண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக்கினால், உள்ளே காயாமல் வெளியே மொறுமொறுப்பாகும்.

பூரணத்தில் முதலிடம் துவோரோக்குக்கு. கட்டித் தயிரை மிகக் குறைந்த தீயில், கிளறாமல், நீர் பிரியும்வரை சூடாக்கித் துணியில் வடித்தால் கிட்டத்தட்ட அதுவே கிடைக்கும். பனீரை உதிர்த்தால் புளிப்பு இருக்காது, வேண்டுமானால் இரண்டு கரண்டி தயிர் சேருங்கள். ஒரு மஞ்சள் கரு, சர்க்கரை, ஊறிய திராட்சை, கொஞ்சம் வெனிலா போதும். கறி வைப்பதானால் அவித்த இறைச்சியை அரைத்து, நிறைய வெங்காயத்தோடு வெண்ணெயில் வதக்கி, வெந்த நீரில் இரண்டு கரண்டி விட்டு ஈரமாக வையுங்கள். மசாலா மிளகோடு நிற்கட்டும். கறிமசாலா போட்டாலும் சுவையாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பண்டம்.

'பிரிப்யோக்' என்று ஒன்று சொல்கிறார்களே?

பூரணத்தை உள்ளே வைக்காமல் மாவோடு சேர்த்துச் சுடுவது. வதக்கிய வெங்காயத்தையோ நறுக்கிய முட்டையையோ சின்ன மீனையோ காய்ந்த சட்டியில் தூவி, அதன்மேல் மாவை ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட் மாவில்தான் நன்றாக நிற்கும். இன்று வீடுகளில் அரிதாகிவிட்ட இந்த வழக்கம், பூரணப் பிளினியைவிட வேலையும் குறைவு, என்னைக் கேட்டால் சுவையும் ஒரு படி மேல்.

மாஸ்லெனித்ஸாவுக்கும் பிளினிக்கும் என்ன தொடர்பு?

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் மாஸ்லெனித்ஸா. ஈஸ்டரோடு சேர்ந்து தேதி நகரும். 2026-இல் பிப்ரவரி 16 முதல் 22 வரை, 2027-இல் மார்ச் 8 முதல் 14 வரை. இந்த வாரத்தில் திருச்சபை இறைச்சியை விலக்கிவிடுகிறது, ஆனால் வெண்ணெய், பால், முட்டை, மீன் எல்லாம் உண்டு. அடுத்த திங்கள்கிழமை முதல் அவையும் இல்லை. வீட்டில் இருக்கும் வெண்ணெயையும் முட்டையையும் தீர்க்க வேண்டும், வேறெதில் தீர்ப்பது? கிறிஸ்தவத்துக்கு முன்பே குளிர்காலத்தை வழியனுப்பிய ஸ்லாவியச் சடங்குகளின் மிச்சமும் இதில் கலந்திருக்கிறது. பிளின் சூரியனின் உருவம் என்று சொல்லப்படுவது அந்தக் கோணத்தில்தான்.

ஏழு நாளுக்கும் தனிப்பெயர் உண்டு. திங்கள் வரவேற்பு, வைக்கோல் பொம்மை செய்வார்கள். செவ்வாய் விளையாட்டுகள் தொடங்கும். புதன்கிழமை மாமியார் மாப்பிள்ளையை அழைத்துப் பிளினி போடுவார். வியாழன் தெருக்கொண்டாட்டம் உச்சத்துக்கு ஏறும். வெள்ளிக்கிழமை கணக்குத் திரும்பும், மாப்பிள்ளை வீட்டில் மாமியாருக்கு விருந்து. சனிக்கிழமை மருமகள் நாத்தனார்களை அழைப்பாள். ஞாயிறு மன்னிப்பு நாள். ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்பார்கள், 'கடவுள் மன்னிப்பார்' என்று பதில் சொல்வார்கள், வைக்கோல் பொம்மையை எரிப்பார்கள். சோவியத் காலத்தில் மதச்சாயலை நீக்கி 'ரஷ்யக் குளிர்காலத்தை வழியனுப்புதல்' என்ற பெயரில் பூங்காக்களில் விழா நடத்தினார்கள். அப்போதும் பிளினியை யாராலும் நீக்க முடியவில்லை.

துக்க வீட்டிலும் பிளினி உண்டு. அடக்கம் முடிந்த பின் போடும் விருந்தில் தானியமும் தேனும் சேர்ந்த குத்யாவோடு பிளினி பரிமாறுவார்கள். மாஸ்லெனித்ஸாவின் முதல் பிளினை இறந்தவர்களுக்கென்று எடுத்து வைப்பதும் பழைய வழக்கம்.

எல்லாம் செய்தும் சரியாக வரவில்லை. எங்கே பார்ப்பது?

ஒட்டிக்கொண்டால் சட்டி காயவில்லை, அல்லது மாவில் எண்ணெய் இல்லை. வெளுத்துப்போனால் சர்க்கரை குறைவு, உள்ளே வேகும் முன் கருகினால் சர்க்கரை அதிகம். ரப்பர்போல் இருந்தால் முட்டை அதிகம் அல்லது மாவு ஊறவில்லை. ஓரம் நொறுங்கினால் தீ குறைவாக வைத்து நீண்ட நேரம் காயவிட்டிருக்கிறீர்கள். பிளினி மெதுவாகச் சுடும் பண்டம் அல்ல.

மிஞ்சினால்?

குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். சூடாக்கும்போது வெண்ணெய் தடவிய சட்டியில் மூடி போட்டு வையுங்கள், மைக்ரோவேவில் ஓரம் விறைத்துவிடும். பூரணம் வைத்து மடித்தவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் உறையவைத்தால் ஒரு மாதம்கூட வைக்கலாம், உருகவிடாமல் அப்படியே சட்டியில் போடுங்கள். நிறைய மிஞ்சினால் கோழி, சோறு, காளான், அவித்த முட்டை என்று ஒவ்வொரு பூரணத்துக்கும் நடுவே ஒரு பிளின் வைத்து அடுக்கி, மேலே மைதா உறை மூடி ஓவனில் சுடும் குர்னிக் இருக்கிறது. ரஷ்யக் கல்யாண விருந்துகளில் வைக்கும் பை அது. மிஞ்சிய பால் பிளினி மாவையும் ஒரு இரவு குளிரில் வைக்கலாம். ஈஸ்ட் மாவை அன்றைக்கே சுட்டு முடித்துவிடுங்கள், மறுநாள் புளித்துப்போகும்.